மரை கழண்டவன் வாங்குன லேத்து

வாழைக்குத் தண்ணி கட்டி முடிச்சுட்டு இப்பத்தான் உட்கார நேரம் கெடைச்சுது. போன சித்திரையில நடந்த ஒரு சமாச்சாரத்தை எழுதணும்னு ரொம்ப நாளா நெனைச்சுட்டு இருந்தேன். எல்லாம் ஒரு ஸ்டட்டால வந்தது. சாண் நீளம்கூட இல்லாத ஒரு இரும்புத் துண்டு. அதுக்குப் பின்னால இருநூறு வருஷத்துக் கதை இருக்குதுன்னு, அது ஒடிஞ்ச பொறகுதான் எனக்கே தெரிஞ்சுது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மஞ்சள் வித்த காசுல ஒரு பகுதியை எடுத்து ஒரு பழைய நாலரை அடி லேத்து வாங்கினேன். எங்க ஊர்ல இருந்து பஸ் போற சின்ன டவுன்ல, முப்பது நாப்பது வருஷமா ஒரு லேத்துப் பட்டறை இருந்துச்சு. மோட்டார் ஷாப்ட்டு தேஞ்சாலும், வண்டி அச்சு ஒடிஞ்சாலும், பம்பு புஷ் போனாலும் சுத்துப்பட்டு விவசாயிக எல்லாரும் அங்கதான் போவோம். மேஸ்திரிக்கு வயசாயிடுச்சு, கண்ணு மங்கிடுச்சு. பசங்க வேற வேலைக்குப் போயிட்டாங்க. பட்டறை இருந்த எடத்துல கடை கட்டப் போறாங்கன்னு கேள்விப்பட்டுப் போனா, காயலாங்கடைக்காரர் எடை போட வந்து நிக்கறாரு. அவரு சொன்ன விலைக்கு மேல கொஞ்சம் போட்டு நானே எடுத்துக்கிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டாந்து மாட்டுச்சாலையில ஒரு ஓரமா எறக்குனதும் எங்க வீட்டம்மா கேட்டது ஒரே கேள்வி. "ஏனுங்க, எல்லாரும் காசு குடுத்து மாடு வாங்கிக் கட்டுவாங்க. நீங்க மாட்டை ஒதுக்கிக் கட்டிட்டு இரும்பைக் கொண்டாந்து நிறுத்தறீங்களே?" ஊருக்குள்ள அதைவிட மேல. "மரை கழண்டுபோச்சு போல"ன்னு டீக்கடையில ஒரே சிரிப்பு. நானும் சிரிச்சுக்கிட்டேன். நம்ம ஊர்ல புத்தி கொழம்புனவனுக்கு மரை கழண்டவன்னு பேரு வந்ததே இந்த மாதிரி பட்டறையில இருந்துதானே.

த்ரீ பேஸ் மோட்டாரைக் கழட்டிட்டு, வீட்டு லைன்ல ஓடற மாதிரி ஒரு ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் மாட்டினேன். மேஸ்திரி ஒரு வாரம் வந்து, பெட்டை லெவல் பண்ணி, டூல் சாணை புடிக்கறதுல இருந்து சொல்லிக் குடுத்தாரு. அவர் சொன்ன முதல் பாடம் இரும்பைப் பத்தினது இல்லைங்க. "தோள்ல துண்டோட லேத்துக்கிட்ட வராதீங்க தம்பி. கையில கிளவுஸ் மாட்டாதீங்க. சக்கு சாவியைச் சக்குலயே விட்டுட்டு சுவிச்சு போடாதீங்க." இந்த மூணையும் சுண்ணாம்புல செவுத்துல எழுதி வெச்சிருக்கேன்.

இனி சித்திரை மாசத்துக் கதைக்கு வர்றேன். ஆயிரம் வாழை, தார் தள்ளி நிக்குது. வெயில் கொளுத்துது. அந்த நேரம் பாத்துத் தோட்டத்து டிரான்ஸ்பார்மர் எரிஞ்சுபோச்சு. மாத்தறதுக்கு நாலஞ்சு நாள் ஆகும்னாங்க. தார் பெருக்கற நேரத்துல நாலஞ்சு நாள் தண்ணி இல்லைன்னா காய் திரளாது, மரம் மடிஞ்சு விழுகும். எங்க கெணறு வாய்க்கால் ஓரத்துக் கெணறு, தண்ணி மேலாலயே நிக்கும். அப்பாரு காலத்து ஆயில் இன்ஜின் ஒண்ணு சாளையில சாக்கு போத்திக் கெடந்துச்சு. அதைத் தொடைச்சு, டீசல் ஊத்தி, பெல்ட்டு மாட்டிச் சுத்துனா, பிடிச்சுது. ஆனா ஹெட்டுல இருந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வெளிய வருது. நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கலாம்னு ஸ்பேனரைப் போட்டு ஒரு இழு இழுத்தேன். படக்குன்னு ஸ்டட் ஒடிஞ்சு கையோட வந்துடுச்சு.

நல்ல வேளையா ஒரு விரக்கட்டை அளவு மேல நின்னுச்சு. டீசல் ஊத்தி ஊற வெச்சு, பைப் ரிஞ்சு போட்டு மெதுவா திருப்பிக் கழட்டிட்டேன். டவுனுக்குக் கொண்டுபோனா கடையில எடுத்துக் குடுத்தது பன்னண்டு எம்.எம். ஸ்டட். பாக்கறதுக்கு ஒரே மாதிரிதான் இருக்குது. பாடியில வெச்சுத் திருப்புனா ரெண்டு சுத்து போகுது, மூணாவது சுத்துல இறுகி நின்னுடுது. மெக்கானிக் வந்து பாத்துட்டு, "இதுக்கெல்லாம் இனி சாமான் கெடைக்காதுங்க, புது இன்ஜின் வாங்கிருங்க"ன்னுட்டாரு. கோயமுத்தூர்ல தேடி அலைஞ்சா எங்கயாச்சும் கெடைச்சிருக்கும். ஆனா அன்னிக்கு சனிக்கெழமை சாயங்காலம்.

ஒடிஞ்ச ஸ்டட்டைக் கையில வெச்சுக்கிட்டு மாட்டுச்சாலைக்குப் போனேன். அது ஏன் பொருந்தலைங்கறதுக்குப் பதில் தேடப்போயித்தான் இந்த வரலாறு முழுசும் வந்து சேந்துச்சு.

முதல்ல லேத்துங்கறது என்னன்னு பாத்துடலாம். தமிழ்ல 'கடையறது'ங்கற ஒரே சொல்லுக்கு ரெண்டு வேலை உண்டு. மோர் கடையறது ஒண்ணு, மரம் கடையறது இன்னொண்ணு. யோசிச்சுப் பாத்தா ரெண்டும் ஒரே பொறிதான். எங்க ஆத்தா கம்பத்துல மத்தைக் கட்டி, கயித்தைச் சுத்தி, ரெண்டு கையிலயும் மாத்தி மாத்தி இழுத்து மோர் கடைவாங்க. பழைய கடைசல்காரங்களும் மரக்கட்டையை ரெண்டு கூர் முனைக்கு நடுவுல நிறுத்தி, அதைச் சுத்திக் கயித்தைப் போட்டு மாத்தி மாத்தி இழுத்துச் சுழல வெச்சாங்க. கட்டை தன் பக்கமாச் சுத்தும்போது மட்டும் உளியை வெக்கணும், திரும்பிச் சுத்தும்போது உளியை எடுத்துடணும். தொட்டில் கால், கட்டில் கால், பம்பரம் எல்லாம் அப்படி வந்ததுதான். உலகத்துல பல நாட்டுலயும் லேத்து இப்படித்தான் ஆரம்பிச்சிருக்குது. வில்லு கட்டி இழுத்தவங்க உண்டு, வளையற கம்புல கயிறு கட்டிக் காலால மிதிச்சவங்களும் உண்டு.

அந்த முறையில ஒரு குறை. உளியைப் பிடிக்கறது மனுசன் கை. மரத்துக்கு அது போதும். இரும்புக்குக் கை நடுங்கினா போச்சு. அதுலயும் மரை போடறதுன்னா, உளி ஒரே சீரா நகரணும். ஒரு சுத்துக்கு இவ்வளவுன்னு அளந்து நகரணும். அதைக் கையால செய்யவே முடியாது.

இந்தக் குறையைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி மாட்ஸ்லி என்ற இங்கிலாந்துக்காரர். 1771இல் லண்டனுக்குப் பக்கத்தில் வூல்விச்சில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் அங்கிருந்த ஆயுதச் சாலையில் தோட்டாவுக்கு வெடிமருந்து நிரப்பும் பையனாக வேலைக்குச் சேர்ந்தார். பிறகு தச்சு, அதன்பின் கொல்லுப் பட்டறை. கைத்திறனைக் கேள்விப்பட்டு, பூட்டுச் செய்வதில் பேர்போன ஜோசப் பிராமா அவரைத் தன் பட்டறைக்கு அழைத்துக்கொண்டார். பல வருடம் உழைத்தபின் சம்பளம் கூட்டிக் கேட்டார், கிடைக்கவில்லை. 1797இல் வெளியே வந்து லண்டனில் ஒரு சின்னப் பட்டறை போட்டார். சம்பளத் தகராறில் வெளியே வந்த ஒரு தொழிலாளி போட்ட பட்டறைதான் அது.

அங்கே அவர் உருவாக்கிய மரை வெட்டும் லேத்து இன்றைக்கும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் தத்துவமும் என் மாட்டுச்சாலை லேத்தின் தத்துவமும் ஒன்றுதான். உளியை மனிதன் பிடிப்பதில்லை, ஒரு நகரும் மேடை பிடித்துக்கொள்கிறது. அந்த மேடையை ஒரு நீளமான திருகு நகர்த்துகிறது. அந்தத் திருகை லீடு ஸ்குரூ என்பார்கள். இரும்பு சுற்றும் வேகத்தையும் லீடு ஸ்குரூ சுற்றும் வேகத்தையும் பல் சக்கரங்கள் இணைக்கின்றன. சக்கரத்தை மாற்றினால் மரையின் நெருக்கம் மாறும். தனித்தனியாக இவற்றையெல்லாம் மாட்ஸ்லிக்கு முன்பே செய்தவர்கள் உண்டு. ரஷ்யாவில் பீட்டர் மன்னரிடம் வேலை பார்த்த நார்த்தோவ், பிரான்சில் வோகன்சான், இங்கிலாந்திலேயே ஜெஸ்ஸி ராம்ஸ்டன் என்று ஒரு வரிசையே இருக்கிறது. எல்லாவற்றையும் இரும்பில், உறுதியாக, தினசரி வேலைக்கு ஆகும்படி ஒன்றுசேர்த்துக் காட்டியதுதான் மாட்ஸ்லியின் பெருமை.

இங்க ஒரு கேள்வி வரும். மரை வெட்டற லேத்துக்கே ஒரு திருகு வேணும். அப்ப அந்த முதல் திருகை எதுல வெட்டுனாங்க? கோழியா முட்டையாங்கற கதை மாதிரி இருக்குதுல்ல? மாட்ஸ்லி பண்ணுன வழி ரொம்ப எளிமையானது. மெதுவான ஒரு உருளையைச் சுத்தவிட்டு, அதுமேல ஒரு வளைஞ்ச கத்தியைச் சாய்வா வெச்சு அழுத்தினாரு. கத்தி சாஞ்சிருக்கறதால, சுத்தச் சுத்த அது தானாவே பக்கவாட்டுல நகந்துபோகும். உருளை மேல சாய்வா ஒரு கோடு விழுகும். அதுதான் விதை மரை. அதை வெச்சு இன்னொரு திருகு, அதோட குறையைத் திருத்தி இன்னொண்ணு, இப்படியே மேல மேல போனாரு. நாம நல்ல கதிரைப் பொறுக்கி விதைக்கு வெக்கறமே, அதே மாதிரிதான். பின்னாளில் அவர் பட்டறையில் அஞ்சடி நீளத்துல, ரெண்டு இஞ்ச் கனத்துல, இஞ்சுக்கு 50 மரை வீதம் ஒரு திருகு செஞ்சாங்க. அதுக்குப் பொருந்தற நட்டு பன்னண்டு இஞ்ச் நீளம், உள்ளே 600 மரை. நெனைச்சுப் பாருங்க.

அதுவரைக்கும் உலகத்துல போல்ட்டு நட்டு எப்படி இருந்துச்சுன்னா, ஒவ்வொரு ஜோடியும் தனித்தனி. இந்த நட்டு அந்தப் போல்ட்டுக்கு மட்டும்தான் சேரும். கழட்டும்போது ரெண்டுலயும் அடையாளம் போட்டு வெக்கணும். மாறிப்போனா வேலை கெட்டுது. மாட்ஸ்லி தன் பட்டறைக்குள்ள அதை ஒழுங்கு பண்ணினாரு. ஆனா அடுத்த பட்டறைக்காரர் வேற கணக்கு வெச்சிருந்தாரு. அதுக்கு அடுத்தவரு இன்னொரு கணக்கு.

அதை நாடு முழுக்க ஒழுங்கு செய்தவர் மாட்ஸ்லியிடம் வேலை பழகிய ஜோசப் விட்வொர்த். 1803இல் ஸ்டாக்போர்ட்டில் பிறந்து, மான்செஸ்டரில் 1833இல் சொந்தப் பட்டறை தொடங்கியவர். அவர் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. "என் கணக்குத்தான் சரி, எல்லாரும் இதற்கு மாறுங்கள்" என்று அவர் ஆரம்பிக்கவில்லை. இங்கிலாந்தின் பல பட்டறைகளில் இருந்து போல்ட்டுகளைச் சேகரித்தார், அளந்தார், சராசரி எடுத்தார். மரையின் கோணம் சராசரியாக 55 டிகிரி வந்தது. அதையே வைத்துக்கொண்டார். அரை இஞ்ச் போல்ட்டுக்கு இஞ்சுக்கு 12 மரை, முக்கால் இஞ்சுக்கு 10, ஒரு இஞ்சுக்கு 8 என்று பட்டியல் போட்டார். 1841இல் லண்டன் சிவில் பொறியாளர் கழகத்தில் இதைக் கட்டுரையாகப் படித்தார். ரயில் பாதைகள் பரவிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு ஊரில் செய்த போல்ட்டு இன்னொரு ஊரில் செய்த நட்டில் சேர வேண்டிய கட்டாயம். ஊர்ப் பஞ்சாயத்தில் எல்லாரையும் கேட்டு நடுவாக ஒரு முடிவு சொல்வது மாதிரி சொன்னதால், பட்டறைக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பிரிட்டிஷ் இயந்திரங்கள் போன இடமெல்லாம் அந்த மரையும் போனது. நம் நாட்டு ரயிலுக்கும் ஆலைக்கும் கெணத்து மேட்டு ஆயில் இன்ஜினுக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

அமெரிக்காக்காரங்க வேற வழி. 1864ல பிலடெல்பியாவுல வில்லியம் செல்லர்ஸ்ங்கறவர் 60 டிகிரிதான் செய்யறதுக்கும் அளக்கறதுக்கும் சுலபம்னு சொல்லி வேற பட்டியல் போட்டாரு. அதுல அரை இஞ்ச் போல்ட்டுக்கு 13 மரை. ஒரே ஒரு மரைதான் வித்தியாசம், ஆனா பொருந்தாது. ரெண்டாம் உலகப் போர்ல ஒரே பக்கம் நின்னு சண்டை போட்ட ரெண்டு நாட்டு ராணுவத்துக்கும் இந்தப் போல்ட்டுச் சண்டை பெரிய தலைவலி. 1948லதான் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணும் உட்கார்ந்து 60 டிகிரியில ஒரு பொது மரைக்கு ஒத்துக்கிட்டாங்க. இன்னிக்கு நாம கடையில வாங்கற மில்லிமீட்டர் போல்ட்டும் 60 டிகிரிதான்.

நம் நாட்டில் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்தது 1956இல். 1957 ஏப்ரல் 1இல் இருந்து நயா பைசா. அணாவை மறக்க எங்க அப்பாருக்கு ரொம்ப வருஷம் ஆச்சுன்னு அப்பா சொல்வாரு. காசு மாறுன மாதிரியே போல்ட்டும் மாறுச்சு. ஆனா பழைய காசு செல்லாம போகும், பழைய இன்ஜின் செல்லாம போகாதே. அது சாளையில சாக்கு போத்திக்கிட்டுக் கெடக்கும்.

ஒரு எடத்துல மட்டும் விட்வொர்த் இன்னும் ஆட்சி பண்ணிட்டுத்தான் இருக்காரு. உங்க தோட்டத்துப் பைப்பைப் பாருங்க. கேட் வால்வு, ஜி.ஐ. பைப்பு, மரை போட்ட பி.வி.சி. சாமான் எல்லாத்துலயும் இருக்கறது அதே 55 டிகிரி மரைதான். அரை, முக்கால் இஞ்ச் பைப்புக்கு இஞ்சுக்கு 14 மரை. ஒரு இஞ்சுல இருந்து மேல 11 மரை. அதனாலதான் அப்பாரு போட்ட பித்தளை வால்வுல நேத்து வாங்குன பிளாஸ்டிக் நிப்பிள் போயி உட்காருது.

சரி, வீட்டுல லேத்து வெச்சுக்கற பைத்தியம் எனக்கு மட்டுமான்னா, இல்லைங்க. அதுக்கும் நீண்ட வரலாறு உண்டு. ரஷ்யாவின் பீட்டர் மன்னரே லேத்தில் தந்தமும் மரமும் கடைந்தவர். அப்போது அது ராஜாக்களின் பொழுதுபோக்கு. லண்டனில் ஹோல்ட்சாப்பெல் குடும்பத்தார் செய்த அலங்கார லேத்துகளைப் பணக்காரர்கள் வாங்கினார்கள். சாதாரண ஆட்களிடம் அது வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். 1898 ஜனவரியில் பெர்சிவல் மார்ஷல் என்பவர் லண்டனில் மாடல் இன்ஜினியர் என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அந்தப் பத்திரிகையைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, ராத்திரியில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் உட்கார்ந்து, காலால் மிதித்து ஓட்டும் லேத்தில் சின்ன நீராவி இன்ஜின் செய்கிறவர்கள். உட்கார்ந்து ஓட்டிப் போகிற அளவுக்குச் சின்ன ரயில் இன்ஜினைக்கூடச் செய்து ஓட்டினார்கள்.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் ஊரில் 1906இல் ஓ'பிரையன் என்ற இரட்டைச் சகோதரர்கள் லேத்து செய்யத் தொடங்கினார்கள். லேத்து ஓட்டுவது எப்படி என்று அவர்கள் போட்ட கையேடு பல பதிப்புகள் கண்டது. இங்கிலாந்தில் போர் முடிந்த கையோடு 1946இல் மைபோர்டு எம்.எல்.7 என்ற சின்ன லேத்து வந்தது. இன்றைக்கும் அந்த நாட்டு வீட்டுப் பட்டறைகளில் அதுக்கு மவுசு குறையவில்லை.

லேத்துக்கு அடுத்தது மில்லிங் மெஷின். லேத்துல இரும்பு சுத்தும், உளி நிக்கும். மில்லிங்கில் உளி சுத்தும், இரும்பு நகரும். சப்பை முகம் எடுக்க, சாவிக்காடி வெட்ட, பல் சக்கரம் செய்ய இதுதான். 1862ல ஜோசப் பிரவுன்ங்கற அமெரிக்கர் செஞ்ச யுனிவர்சல் மில்லிங் மெஷின் எதுக்காகப் பிறந்துச்சு தெரியுங்களா? டிரில் பிட்டுல முறுக்கிக்கிட்டுப் போகுதே பள்ளம், அதை வெட்டறதுக்கு. அதுக்கு முன்னாடி அந்தப் பள்ளத்தை அரத்தால ராவி ராவித்தான் எடுத்தாங்களாம். 1938ல பிரிட்ஜ்போர்ட் நகரத்துல வந்த நிமிர்ந்து நிக்கற மில்லிங் மெஷினைத்தான் இன்னிக்கு உலகம் பூரா காப்பி அடிக்கறாங்க. எங்கிட்ட அது இல்லை. வீட்டுப் பட்டறைக்காரங்க பழைய உபாயம் ஒண்ணு இருக்குது. லேத்து மேடை மேலயே மேலயும் கீழயும் நகரற ஒரு சிலைடை மாட்டி, சக்குல கட்டரைப் பிடிச்சா, சின்ன மில்லிங் வேலை ஆயிடும். பம்பு ஷாப்ட்டுக்குச் சாவிக்காடி நான் அப்படித்தான் வெட்டிக்கறேன்.

1980இல் டேவ் ஜின்ஜெரி என்ற அமெரிக்கர் ஒரு புத்தக வரிசையே போட்டார். கரி அடுப்பில் பழைய அலுமினியத்தை உருக்கி, மணலில் அச்செடுத்து, லேத்து, ஷேப்பர், மில்லிங் மெஷின் என்று ஒவ்வொன்றாக நீங்களே செய்துகொள்ளலாம் என்று வரைபடத்தோடு எழுதினார். முதலில் செய்கிற லேத்தே தனக்கு வேண்டிய மிச்சப் பாகங்களைச் செய்துகொள்ள உதவும். மாட்ஸ்லி சாய்வாக வைத்த கத்தியின் பேரப்பிள்ளைதான் இது.

நம்ம கொங்கு நாட்டுலயும் இந்த மரை கழண்ட கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. 1893இல் கோவைக்குப் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கி, கழட்டிப் பூட்டிப் பார்த்துத்தான் இயந்திரம் பழகினார். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிக் கோவைப் பக்கம் கரண்டு வந்தது. கரண்டு வந்தால் கெணத்துக்கு மோட்டார் வேண்டும். 1937இல் நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். அதுக்கப்புறம் கோவையில பட்டறைக பெருகி, மோட்டார் பம்புன்னா கோயமுத்தூர்னு ஆச்சு. அந்த மோட்டாருகளுக்கு வைத்தியம் பாக்கத்தான் சின்னச் சின்ன டவுன்ல லேத்துப் பட்டறைக முளைச்சுது. எங்க மேஸ்திரி பட்டறையும் அதுல ஒண்ணு.

இப்ப அந்தச் சனிக்கெழமை ராத்திரிக்கு வர்றேன். எரிஞ்சது தோட்டத்து டிரான்ஸ்பார்மர்தான். ஊருக்குள்ள வீட்டுக்கு வேற லைன், அதனால லேத்துக்குக் கரண்டு இருந்துச்சு. ஒடிஞ்ச ஸ்டட்டுல மரை கேஜை வெச்சுப் பாத்தா, பாடிக்குள்ள போற கீழ்ப்பக்கம் இஞ்சுக்கு 12. நட்டு மாட்டற மேல்பக்கம் 16. அது ஏன் ரெண்டு விதம்னு ஒரு நிமிஷம் கொழம்பி மேஸ்திரிக்குப் போன் பண்ணினேன். அவரு தூங்கப் போயிருந்தாரு. கேட்டதும் சிரிச்சாரு.

"கீழ வார்ப்பிரும்பு தம்பி. அதுல சன்ன மரை போட்டா பொரிஞ்சு போயிரும், அதனால பெருமரை. மேல எஃகு நட்டு, நல்லா இறுகோணும், அதனால சன்ன மரை. டூலை 55 டிகிரிக்குச் சாணை புடிங்க. 60ல போட்டுத் தொலைச்சிராதீங்க. அது பழைய வெள்ளைக்காரன் கணக்கு."

விட்வொர்த் பேரு அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போனது அஞ்சாவது வரைக்கும்தான். ஆனா அவரோட கணக்கு பூரா மேஸ்திரி கையில இருந்துச்சு.

கடையில குடுத்த பன்னண்டு எம்.எம். ஸ்டட் ஏன் சேரலைன்னு அப்பத்தான் தெளிவாச்சு. அரை இஞ்ச்சுங்கறது 12.7 மி.மீ. இஞ்சுக்கு 12 மரைன்னா ஒரு மரைக்கு 2.117 மி.மீ. பன்னண்டு எம்.எம். ஸ்டட்டுக்கு 1.75. ரெண்டு சுத்து வரைக்கும் இடுக்குல போகும், அப்புறம் கணக்கு ஒதைச்சு இறுகிடும். இன்னும் பலமா இறுக்கியிருந்தா அப்பாரு இன்ஜினோட பாடி மரையும் சேந்து போயிருக்கும்.

என் லேத்தோட லீடு ஸ்குரூ இஞ்சுக்கு 4 மரை. அதனால 12 மரைக்கு 40 பல், 120 பல் சக்கரம். 16 மரைக்கு 30, 120. நாலால வகுபடற மரைங்கறதால, லீடு ஸ்குரூவை எந்த எடத்துல பிடிச்சாலும் டூல் பழைய பள்ளத்துலயே வந்து விழும். இதே லேத்துல மில்லிமீட்டர் மரை வெட்டணும்னா 127 பல்லுள்ள ஒரு சக்கரம் வேணும். ஒரு இஞ்ச்சுங்கறது சரியா 25.4 மி.மீ., அதை அஞ்சால பெருக்குனா 127. இஞ்சுக்கும் மில்லிமீட்டருக்கும் நடுவுல இருந்து ரெண்டு பேரையும் பேச வெக்கற சக்கரம் அது. மேஸ்திரி அதைத் தனியா ஒரு துணியில சுத்திக் குடுத்திருந்தாரு.

முதல் துண்டைக் கெடுத்தேன். பெருமரை நல்லா வந்துச்சு, சன்ன மரையில அவசரப்பட்டு ஆழமா வெட்டிட்டேன், நட்டு லொடலொடன்னு ஆடுச்சு. தூக்கிப் போட்டுட்டு இன்னொரு கம்பி எடுத்து மறுபடியும் 12.7க்குக் கடைஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா, எண்ணெய் விட்டு விட்டு வெட்டினேன். நட்டு கையாலயே திருகிக்கிட்டுப் போயி நின்னப்ப மணி பதினொண்ணரை. வீட்டம்மா காப்பி கொண்டாந்து வெச்சுட்டு, நட்டை ஒருதரம் அவங்களே திருகிப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லலை. ஆனா சிரிச்சாங்க.

ஞாயித்துக்கெழமை விடியங்காட்டி ஸ்டட்டை மாட்டி, ஹெட்டை எதிரெதிரா நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, சுத்துனேன். புகை தள்ளிட்டு, டுக்கு டுக்குன்னு பிடிச்சுது. காத்து கசியலை. டிரான்ஸ்பார்மர் வந்தது புதன்கெழமை. அதுவரைக்கும் அந்த இன்ஜின்தான் வாழைக்குத் தண்ணி குடுத்துச்சு. தண்ணி எட்டாத கெழக்கு மேட்டுல ரெண்டு வரிசை போச்சு. மீதி எல்லாம் தார் எறங்குச்சு.

லேத்து வெச்சிருந்தா விவசாயத்துல லாபம் வரும்னு நான் சொல்ல வரலைங்க. கணக்குப் போட்டா லேத்துக்குக் குடுத்த காசு இன்னும் திரும்பலை. என் கவலை வேற. மாட்ஸ்லி சின்னப் பட்டறையில பண்ணுனது, விட்வொர்த் பட்டறை பட்டறையா போல்ட்டுப் பொறுக்கிச் சேத்தது, எங்க மேஸ்திரி கைக்கு அது எப்படியோ வந்து சேந்தது, இவ்வளவு தூரம் வந்த ஒரு கணக்கு, ஒரு பட்டறை மூடுனதும் காயலாங்கடை எடையோட போயிடப் பாத்துச்சு. ஒரு ஸ்டட் வெட்டித்தர ஆள் இல்லைன்னா, நல்லா இருக்கற இன்ஜினும் குப்பைதான்.

இப்ப பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருத்தன், பத்தாவது படிக்கறான், லீவு நாள்ல வந்து நிக்கறான். முதல் நாளே தோள்ல துண்டு போட்டுக்கிட்டு வந்தான், திருப்பி அனுப்பிட்டேன். அடுத்த வாரம் துண்டு இல்லாம வந்தான். மூணாவது வாரம் அரை இஞ்ச் கம்பியில அவனே மரை வெட்டினான். கோணல்தான், ஆனா நட்டு ஏறுச்சு.

இன்ஜின் சாளைச் செவுத்துல பெயிண்ட்டுல பெருசா எழுதி வெச்சிருக்கேன்: ஹெட் ஸ்டட், அரை இஞ்ச், கீழ 12, மேல 16, கோணம் 55. எனக்கப்புறம் இன்ஜினை ஓட்டறவங்க தேடி அலைய வேண்டாம் பாருங்க.